உள் துணி

நாட்றாம்பாளையம்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள வினிதாவுக்கு உன் அண்ணி ரங்கம்மா எழுதிக்கொண்டது. இங்கு நானும் ரெண்டு மாடும் ஒரு கன்றும் சுகம். அங்கு நீயும் என் தம்பி முனிராஜும் சுகமா, ஓசூரில் மழை உண்டா என்று எழுது.

ஆடிப்பெருக்குக்கு ரெண்டு பேரும் வருவீர்கள் என்று சேவலைப் பிடித்துக் கூடையால் கவிழ்த்து வைத்திருந்தேன். ஒகேனக்கல் போகிற ஜனமெல்லாம் போய் வந்துவிட்டது, உங்களைத்தான் காணோம். சேவல் தப்பித்தது. இப்போது என்னைப் பார்த்தாலே கொக்கரிக்கிறது.

போன் பேசலாம் என்றால் எனக்குப் பாறை மேல் ஏறினால்தான் டவர். மூட்டுவலியோடு ஏறி நின்று உனக்கு மூன்று தடவை அடித்தேன். நீ எடுக்கவில்லை. அவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என்னை ஏய்க்கிறீர்களா? இனிமேல் ஏற மாட்டேன். கடுதாசிதான்.

உன் சாயத்துக்குப் போன வருஷம் காயவைத்த கடுக்காய் ஒரு மூட்டை கட்டி தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் போட்டிருக்கிறேன். அதிலேயே நீ தைக்கிற போர்வைக்குள் வைக்கப் பழைய துணியும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் போட்டிருந்த சட்டைகளும் உண்டு. செத்துப்போய் ஆறு வருஷமாகிறது, இன்னும் எதற்குப் பெட்டியில்?

சித்திரையில் மாரியம்மன் பண்டிகை. எட்டு மாதம் முன்னாடியே சொல்கிறேன், அப்புறம் லீவு கிடைக்கவில்லை என்று கதை விடாதே. வீட்டுக்கு மருமகள் நீதான் மாவிளக்கு எடுக்க வேண்டும். தாலி இல்லாத நான் எடுத்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. அவனையும் இழுத்துக்கொண்டு வா.

அண்ணி
ரங்கம்மா


ஓசூர்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு வினிதா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் இரண்டு பேரும் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? வேப்பெண்ணெய் தேய்க்கிறீர்களா?

மூட்டை வந்து சேர்ந்தது. கடுக்காய் அருமை. தட்டி ஊறவைத்து அதில் துணியை முக்கி, துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் போட்டு வைத்த தண்ணீரில் விட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் கறுத்துவிட்டது. லேத்துப் பட்டறைகள் இருக்கிற ஊரில் துருவுக்கு என்ன பஞ்சம்!

ஆனால் அண்ணி, துணி அனுப்பும்போது ஒன்று கவனியுங்கள். உள் துணிக்கு வைக்கிற சட்டையில் காலர், பை, பட்டன், கைமடிப்பு எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். தையலைப் பிரித்துத் தட்டையாக்கித்தான் வைப்போம். இல்லாவிட்டால் தடித்த இடத்தில் ஊசி முறியும். வெயிலில் பிடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் நிழலாகத் தெரியும். மாமா சட்டையில் நீங்கள் ஒன்றும் எடுக்கவில்லை. நானே உட்கார்ந்து வெட்டினேன். அவர் சட்டைப்பையில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. அஞ்செட்டி என்று இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன்.

போன் எடுக்காததற்குக் கோபிக்க வேண்டாம். கை எப்போதும் சாயத்தில் இருக்கிறது. அவருக்கு ஓவர்டைம் மேல் ஓவர்டைம். புது மெஷின் வந்திருக்கிறதாம். ஆடிப்பெருக்குக்கு வர முடியவில்லை என்று அவருக்கும் வருத்தம்தான்.

உங்கள்
வினிதா


ஓசூர்
1 செப்டம்பர் 2024
(எழுதி, அனுப்பாமல் வைத்தது)

அண்ணிக்கு,

உங்கள் தம்பி ஆடி மாதம் எட்டாம் தேதி போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு செட் துணியை எடுத்துப் பையில் வைத்தார். எங்கே என்று கேட்டதற்கு, "அத்திப்பள்ளியில ரூம் பாத்திருக்கறன். இனி அங்கதான்" என்றார். வேறொரு பெண் இருப்பதை அவரோடு வேலை பார்க்கிறவர் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனியையும் மாற்றிவிட்டாராம். பழைய கம்பெனிச் சட்டை மூன்றையும் கொடியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. அவரைக் கட்டிக்கொண்டதற்காக அருப்புக்கோட்டையில் என் வீட்டார் என்னைத் தலைமுழுகிப் பதினாலு வருஷமாகிறது. எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருத்திதான். அதுவும் அவர் வழியாக வந்த சொந்தம். அவரே இல்லையென்றால் நீங்கள் எனக்கு யார்? ஒரு கடுதாசி போட்டு, "அப்படியாம்மா, உடம்பைப் பார்த்துக்கொள்" என்று முடித்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

போனில் பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால்தான் எடுக்கவில்லை.

இதை நாளைக்குத் தபாலில் போடுகிறேன்.


நாட்றாம்பாளையம்
20 அக்டோபர் 2024

அன்புள்ள வினிதாவுக்கு அண்ணி எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம், சிவப்பி மாடு சினையாக இருக்கிறது. அங்கு ரெண்டு பேரும் சுகமா?

பதில் போட ரெண்டு மாதம் ஆகிவிட்டது, திட்டாதே. யானை ரெண்டு வந்து ராகிக் கொல்லையில் பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை மிதித்துவிட்டுப் போயிற்று. பட்டாசு வெடித்துத் தகரம் தட்டித் தொண்டை கட்டிப்போனது. காவலுக்கு ஆம்பளை இல்லாத வீடு என்று அதுகளுக்கும் தெரிந்திருக்கிறது.

டிக்கெட் வந்தது. அது அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எடுத்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசிப் பானைக்குள் போட்டிருக்கிறேன்.

உன் சட்டதிட்டமும் படித்தேன். காலரை வெட்டு, பையை வெட்டு, பட்டனை எடு. மகாராணி! சரி, இத்தனை வருஷம் பெங்களூர்க் கடைக்குத் தைத்துக் கொடுக்கிறாயே, எனக்கு ஒன்று தைத்தாயா? கார்த்திகைக் குளிர் இங்கே எலும்பைக் கடிக்கும். கறுப்பு வேண்டாம், எனக்கு ஆகாது. செண்டுமல்லி மஞ்சளில் போடு.

தீபாவளிக்காவது வருவீர்களா? அவனை ரெண்டு வரி எழுதச் சொல். எழுத்து மறந்துபோயிற்றா அவனுக்கு? கோழிக்குழம்பு வைத்தால் ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன். வைத்துக் கொடு.

அண்ணி
ரங்கம்மா


ஓசூர்
10 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு வினிதா எழுதுவது. இங்கு நாங்கள் இரண்டு பேரும் சுகம். தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடியுங்கள். சிவப்பியை அதிகம் நடக்க விடாதீர்கள்.

தீபாவளிக்கு வர முடியவில்லை, மன்னிக்க வேண்டும். நீங்கள் சொன்னபடி கோழிக்குழம்பு வைத்தேன். இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டார். "எங்க அக்கா கை மணம் வரல" என்று குறை வேறு. எழுதச் சொன்னேன். மெஷினில் கை வலி, அடுத்த தடவை எழுதுகிறேன் என்றார். இதை எழுதும்போது பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறார்.

உங்கள் மஞ்சளுக்காகப் பூ மார்க்கெட்டில் விற்காமல் கொட்டிய செண்டுமல்லி இரண்டு பை அள்ளி வந்தேன். படிகாரம் போட்டுத்தான் மஞ்சள் பிடிக்கும். ஆனால் இந்த லைன் வீட்டுப் போர் தண்ணீரில் இரும்பு அதிகம். அதில் அலசினால் மஞ்சள் பாசி பிடித்தது போல் மங்கிவிடும். அதனால் மழைக்காகக் காத்திருந்தேன். பதினோரு நாள் ஆயிற்று. மழை வந்ததும் வாசலில் இருந்த குடம், குண்டான், சொம்பு எல்லாவற்றையும் வைத்துப் பிடித்தேன். வீட்டுக்கார லட்சுமியம்மாள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம், "மீ ஆயன ராலேதா?" என்று கேட்டார்கள், உன் வீட்டுக்காரர் வரவில்லையா என்று. தெலுங்கில் கேட்டால் எனக்குப் புரியாது என்பது போலச் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மஞ்சள் நன்றாக வந்திருக்கிறது. பார்த்தால் நீங்களே சொல்வீர்கள்.

உங்கள்
வினிதா


ஓசூர்
15 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உங்கள் போர்வையை, நீங்கள் சொல்கிற பொந்தாவை, தைத்து முடித்தேன். பஸ்ஸில் போட்டிருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். லட்சுமியம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு, "பொந்தா ரொம்ப கனமா இருக்குதே" என்றார்கள். குளிருக்குக் கனமாக இருப்பதுதானே நல்லது? இதைத் தைக்கும்போது நாலு ஊசி முறிந்தது. இப்போது வருகிற ஊசி எதுவுமே சரியில்லை.

தண்ணீரில் போடாதீர்கள். மேலே போர்த்தினால் போதும்.

வினிதா


நாட்றாம்பாளையம்
12 ஜனவரி 2025

வினிதாவுக்கு அண்ணி எழுதிக்கொண்டது.

நான் சுகம். பொந்தா வந்தது. தினமும் போர்த்திக்கொள்கிறேன். குளிர் கிட்டே வரவில்லை. மஞ்சள் நன்றாக இருக்கிறது.

சிவப்பி காளைக்கன்று போட்டது. பால் நன்றாகக் கறக்கிறது, குடிக்கத்தான் ஆள் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. சாயக் கையோடு அப்படியே உட்காராமல் கழுவிவிட்டுச் சாப்பிடு.

பொங்கலுக்கு அரிசியும் அவரையும் அனுப்பியிருக்கிறேன். ஒரு ஆளுக்குத் தாராளமாக வரும்.

ரங்கம்மா


ஓசூர்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு வினிதா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் இரண்டு பேரும் சுகம்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். அதில் நீங்கள் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பண்டிகைக்கு வரச் சொல்லவும் இல்லை. ஏன் அண்ணி? என்மேல் கோபமா? இரண்டு வரி எழுதவில்லையென்று அவர்மேல் கோபமா? எழுதுவார். நான் எழுத வைக்கிறேன்.

அரிசி ஒரு ஆளுக்கு என்று எழுதியிருந்தீர்கள். கை தவறி எழுதியிருப்பீர்கள்.

நான் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். இந்த வீட்டுக்கு வருகிற தபால் உங்கள் கடிதம் ஒன்றுதான். தபால்காரர் தெருவில் திரும்பும்போதே தெரிகிறது, நமக்கு இருக்கிறதா இல்லையா என்று. இருந்தால் சைக்கிளை மெதுவாக்குவார்.

உங்கள்
வினிதா


நாட்றாம்பாளையம்
18 மார்ச் 2025

என் தங்கம் வினிதாவுக்கு உன் அண்ணி ரங்கம்மா எழுதிக்கொண்டது.

இந்தக் கடுதாசியை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், விரலில் காயம்.

மாசி பாதியிலேயே குளிர் விட்டது. பொந்தாவை வெயில் காட்டி மடித்து வைக்கலாம் என்று கயிற்றில் விரித்தேன். வெயில் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மஞ்சளுக்குள்ளே ஒரு சட்டை கையிரண்டையும் விரித்துக்கொண்டு நின்றது. காலர், பை, பட்டன் வரிசை அத்தனையும் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. கீழே தலைகீழாக மூன்றாவது. கம்பெனிச் சட்டை.

காலரை வெட்டு, பையை வெட்டு என்று எனக்கு அவ்வளவு சட்டம் பேசினவள், ஒரு பட்டனைக்கூட எடுக்காமல் முழுசாக வைத்துத் தைத்திருக்கிறாயே! எப்படியடி வைத்தாய், எத்தனை நாள் அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாய்?

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அவன் போனது எனக்குக் கார்த்திகையிலேயே தெரியும். இங்கே வந்தான், அவளையும் கூட்டிக்கொண்டு. வாசலில் நின்று, "அக்கா, உள்ள வரலாமா?" என்றான். விளக்குமாற்றை எடுக்கத்தான் போனேன். அவள் வாயும் வயிறுமாக நின்றாள். ஆறு மாதம் இருக்கும். கை அதற்கு மேல் போகவில்லை. உள்ளே விட்டேன். சோறு போட்டேன். உன்னிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் அன்றையிலிருந்து ஒழுங்காக எழுதவில்லை. உனக்குக் குழந்தை இல்லாத குறையை இந்தப் பதினாலு வருஷத்தில் நான் ஒரு நாள் வாய் திறந்து சொன்னவளா? என் கையாலேயே அவளுக்குச் சோறு போட வேண்டி வந்ததே!

கிளம்பும்போது, "பண்டிகைக்கு இவ மாவிளக்கு எடுக்கட்டும்க்கா" என்றான். அப்போதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. "அந்த வேலைய மட்டும் எங்கிட்ட வெச்சுக்காத. இந்த வூட்டு மருமவ ஓசூர்ல கீறா" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். இந்நேரம் பிறந்திருக்கும் பிள்ளை எனக்கு ரத்த சொந்தம்தான், இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பார்க்க ஆசை வந்தாலும் வரும். அதற்காக நீ இல்லை என்று ஆகிவிடுமா?

நீ "இரண்டு பேரும் சுகம்" என்று எழுதும்போதெல்லாம் சரி, பிள்ளை என்னிடம் மறைக்கிறாள், மானமாக இருக்கட்டும் என்று விட்டேன். கோழிக்குழம்பு ரெண்டாம் தடவை ஊற்றிக்கொண்டான் என்று எழுதினாயே, அதை அவன் வந்து போன பிறகு எடுத்துப் படித்துவிட்டு நான் சாப்பிடவில்லை. அவன் போனது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. நீ எப்படி இருக்கிறாய் என்பது அந்தச் சட்டையைப் பார்த்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொந்தாவைப் பிரித்துவிட்டேன். நாலு நாள் ஆயிற்று. என்ன தையல் போடுகிறாய், எறும்பு சாரை போன மாதிரி! உள்ளே முறிந்த ஊசிமுனை ஒன்று இருந்தது. என் விரலைக் குத்தித்தான் அது எனக்குக் கிடைத்தது.

சட்டை மூன்றையும் எரிக்கவில்லை, பயப்படாதே. தக்காளிக் கொல்லையில் மூன்று பொம்மை கட்டி மாட்டிவிட்டேன். இருந்த வரைக்கும் ஒன்றையும் காவல் காக்காதவன், இப்போதாவது காக்கட்டும். மயில் வருவது குறைந்திருக்கிறது.

உன் மஞ்சள் துணி மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாகத் தனியாகக் கிடக்கிறது. உள்ளே வைக்க என் பழைய சேலை ரெண்டு எடுத்து, முந்தானை தடிப்பை வெட்டித் தட்டையாக்கி வைத்திருக்கிறேன். உன் சட்டப்படிதான். எனக்குத் தைக்கத் தெரியாது. நீதான் வந்து தைக்க வேண்டும்.

மாவிளக்கு ரெண்டு பேரும் சேர்ந்து எடுப்போம். தாலி இல்லாதவளும் புருஷன் இல்லாதவளும் எடுக்கலாமா என்று எவனாவது கேட்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவன் இல்லாவிட்டால் நான் உனக்கு யார் என்று உன் மனசில் ஓடியிருக்கும். எனக்கும் ஓடியது, அதனால் கேட்கிறேன். அண்ணி என்கிற பெயரை அவனா எனக்குக் கொடுத்தான்? பதினாலு வருஷம் நீ கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த பெயர். வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. நீயும் நிறுத்திவிட்டால் நான் அப்புறம் யாருக்கும் அண்ணி இல்லை.

உன் அண்ணி
ரங்கம்மா


ஓசூர்
30 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு நான் ஒருத்திதான். சுகமாக இல்லை.

இதோடு ஒரு பழைய கடிதம் வைத்திருக்கிறேன். ஆவணியில் எழுதியது. நாளைக்குப் போடுகிறேன், நாளைக்குப் போடுகிறேன் என்று ஏழு மாதம் சாயத் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். இப்போது படித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட அதே கேள்வி அதிலும் இருக்கிறது.

சட்டைகளை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன், கை வரவில்லை. கொடியில் தொங்கினால் ஆள் நிற்பது போலவே இருந்தது. குப்பையில் போடவும் மனசில்லை. உங்கள் தம்பி, உங்களிடமே இருக்கட்டும் என்று வைத்துத் தைத்துவிட்டேன். மஞ்சளுக்குள் தெரியும் என்று தொழில் தெரிந்தவளுக்குத் தோன்றாமல் இருக்குமா? கறுப்பு போட்டிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. நீங்கள் மஞ்சள் கேட்டீர்கள். நானும் மஞ்சளே போட்டேன்.

அந்தப் பெண் மாசமாக இருந்ததைப் படித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை. நீங்கள் சோறு போட்டதில் எனக்குக் கோபம் இருக்கிறது அண்ணி. இல்லை என்று எழுதினால் மறுபடியும் பொய்யாகிவிடும். வந்து நேரில் சண்டை போடுகிறேன். மூன்றாம் நாள் மீதியைப் படித்தேன். பொம்மைக்குச் சட்டை மாட்டிய இடத்தில் சிரித்துவிட்டேன். எட்டு மாதத்தில் இந்த வீட்டில் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். லட்சுமியம்மாள் எட்டிப் பார்த்து, "உங்க ஆயன வந்துட்டாரா?" என்றார்கள். "இல்லம்மா. அவர் போயிட்டார். இது எங்க அண்ணி கடுதாசி" என்றேன். சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் ஒரு தம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பண்டிகைக்கு நாலு நாள் முன்னாடியே வருகிறேன். தைக்கத் தெரியாது என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். போர்வையை விரித்தால் அந்தக் கரைக்கு ஒரு ஆள், இந்தக் கரைக்கு ஒரு ஆள் வேண்டும். நான் இவ்வளவு நாளும் ஒரு கரையை முடித்துவிட்டு எழுந்துபோய் மறு கரையில் உட்கார்ந்துதான் தைத்திருக்கிறேன்.

ஊசி இரண்டு கொண்டு வருகிறேன்.

உங்கள்
வினிதா